இரு தாள்கள்

நாற்பதைக் கடந்த ஒருவர், அதிலும் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து கோப்புகளைப் புரட்டியே கண் மங்கிய ஒருவர், இரவு பத்து மணிக்கு மேல் கணிப்பொறியின் முன் அமர்ந்து வீடியோ கேம் ஆடுகிறார் என்றால் கேட்போர் நகைப்பர். நகைக்கட்டும். அந்த ஒருவர் நாமேதாம். சங்க மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றை நம்மினும் ஆழக் கற்றோர் இம்மலரில் எழுதுவர். கடந்த சில திங்களாக நம் உள்ளத்தை உண்மையிலேயே ஆட்கொண்டிருப்பவை இரண்டு விளையாட்டுகள். உள்ளத்தில் இல்லாததை எழுதுவதைவிட, இருப்பதை எழுதி நகைப்புக்கு ஆளாவது மேல் என்று துணிந்தோம்.

விளையாட்டை இழிவாகக் கருதும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கினைக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். நம் இல்லங்களில் பல்லாங்குழியும் தாயமும் இருந்தன. திண்ணைக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருந்தது. நம் அன்னையார் மழைக்கால மாலைகளில் புளியமுத்துகளை வைத்துப் பல்லாங்குழி ஆடும்போது, குழிகளில் உள்ள எண்ணிக்கையை நொடியில் மனத்துள் கணக்கிட்டுவிடுவார். அவர் பள்ளியில் கற்ற கணிதத்தினும் அக்குழிகளில் கற்ற கணிதமே மிகுதி. இன்று குழிகள் திரையாயின, முத்துகள் ஒளிப்புள்ளிகளாயின. ஆடும் மனம் மாறவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு வேறு, சூது வேறு. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்து, அதனைக் கள்ளுக்கு அடுத்து வைத்தார். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் நல்ல குடும்பங்கள் நலிந்ததைக் கண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அத்தகைய பணவிளையாட்டுகளைத் தடுக்க எழுந்தவை. அவற்றை நாம் இங்கே பேசப் புகவில்லை. நாம் ஆடுபவற்றில் இழப்பதற்குக் காசு இல்லை. இழந்தது ஒன்று உண்டெனில் அது உறக்கம். பெற்றது என்ன என்பதே இக்கட்டுரை.

நம்மை இவ்வழிக்கு ஈர்த்தவள் நம் மகள். மேல்நிலை வகுப்புத் தேர்வு முடிந்து, இடவப்பாதி மழை தொடங்கி, வீட்டை விட்டு நகர இயலாதிருந்த ஒரு மாலையில், “அப்பா, உங்க ஆபீஸ் மாதிரியே ஒரு கேம் இருக்கு, ஆடிப் பாருங்க” என்றாள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஆடுவது போதாதா என்றோம். அவள் சிரித்துக்கொண்டே இருக்கையை நம் பக்கம் தள்ளினாள்.

அவ்விளையாட்டின் பெயர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. ‘தாள்களைக் காட்டுக’ என்று தமிழ்ப்படுத்தலாம். அமெரிக்கரான லூக்காஸ் போப் என்பவர் ஏறக்குறையத் தனியொருவராய் ஆக்கி 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. பல நாடுகளுக்குப் பயணம் செய்கையில் விமான நிலையங்களில் கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் அலுவலரைக் கண்டு, அவர் செய்யும் தொழிலையே ஓர் ஆட்டமாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். வாளேந்திய வீரனையும் பந்துதைக்கும் வீரனையும் நாயகனாக்கும் உலகில், முத்திரைக் கட்டையேந்திய எழுத்தனை நாயகனாக்கியவர் அவர். நம் இனத்தார் அவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கதை 1982ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்கிறது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு, அண்டை நாடான கொலேச்சியாவுடன் ஆறாண்டுகள் போரிட்டு ஓய்ந்து, எல்லைக் கதவைத் திறக்கிறது. குலுக்கல் முறையில் வேலை பெற்ற ஒருவர் எல்லைச் சாவடியில் அமர்த்தப்படுகிறார். அவராக நாம் ஆட வேண்டும். சிறிய அறை, குறுகிய மேசை, வெளியே நீண்ட வரிசை. ஒலிபெருக்கியில் அழைத்தால் ஒருவர் உள்ளே வந்து தாள்களை நீட்டுவார். பெயர் பொருந்துகிறதா, பிறந்த நாள் பொருந்துகிறதா, காலம் கடந்துவிட்டதா, படத்திலிருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒருவரா, ஊர்ப்பெயர் விதிநூலில் உள்ளதா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். நாள்தோறும் காலையில் புதிய சுற்றறிக்கை வரும். நேற்று போதுமானதாக இருந்த தாள் இன்று போதாது. நாளை இன்னொரு தாள் சேரும். இது கற்பனை நாடா, நம் அலுவலகமா என்று ஐயுற்றோம்.

முறையாகச் சரிபார்க்கும் ஒவ்வொருவருக்கும் 5 காசு ஊதியம். பிழை நேர்ந்தால் உடனே ஓர் இயந்திரம் மெமோ ஒன்றைத் துப்பும். அந்நாளின் முதலிரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை, அதன்பின் அபராதம். மாலையில் வீட்டுக் கணக்கு வரும். வாடகை, உணவு, குளிர் காய்வதற்கான செலவு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா என நால்வர். காசு குறைந்தால் உணவா, கணப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் மருந்து. ஆகவே விரைந்து பார்க்க வேண்டும். விரைந்தால் பிழை வரும். மனச்சான்று என்பது இக்கணக்கில் எந்தத் தலைப்பின்கீழும் வாராத செலவு. அதைத் தம் கைக்காசிலிருந்தே தர வேண்டியிருக்கிறது.

முதல் சில நாள்கள் நாம் சிறந்து விளங்கினோம் என்று சொன்னால் தற்புகழ்ச்சி ஆகாது. ஆண்டுக்கணக்கான பயிற்சி அது. மெழுகு வண்ணத்தால் தானே வரைந்த கடவுச்சீட்டுடன், உலகில் இல்லாத ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு புன்னகையோடு வந்த ஜோர்ஜி என்னும் கிழவரைத் திருப்பியனுப்பியபோது நாமும் மகளும் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு வந்தது அந்தக் கணவன் மனைவியர் கட்டம்.

கணவன் முதலில் வந்தான். தாள்கள் யாவும் செம்மையாக இருந்தன. பச்சை முத்திரை குத்தினோம். போகும்போது, அடுத்து வருபவள் தன் மனைவி என்றும் அவளிடம் பரிவு காட்டுமாறும் வேண்டிச் சென்றான். அவள் வந்தாள். கடவுச்சீட்டு இருந்தது, நுழைவதற்கான அனுமதித் தாள் இல்லை. கேட்டதற்கு, தரமாட்டேன் என்று விட்டார்கள், திரும்பிப் போனால் என் உயிருக்கு ஆபத்து என்றாள். அன்று நமக்கு அதுவரை ஒரு பிழையும் இல்லை. அவளை உள்ளே விட்டாலும் முதற்பிழைக்கு எச்சரிக்கை மட்டுமே, அபராதம்கூட இல்லை. நம் கையோ சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டது. எண்ணிக் குத்தவில்லை, பழக்கம் குத்தியது.

“என்னப்பா, அவங்களை விட்டிருக்கலாமே! இது விளையாட்டுத்தானே?” என்றாள் மகள்.

விளையாட்டுத்தான். அதனால்தான் நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. யாரும் நம்மைக் கேள்வி கேட்க இயலாத இடத்தில், தணிக்கையோ மேலதிகாரியோ இல்லாத இடத்தில், எதை இயல்பாகச் செய்கிறோமோ அதுவே நம் குணம் அன்றோ?

பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறோர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்துவந்தோம். சாலைத் தெருப் பக்கத்திலிருந்து முதிய பெண்மணி ஒருவர் வந்தார். கணவர் காலமாகி இரண்டு திங்கள் ஆகியிருந்தது. நம் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்து, “தம்பி நம்ம ஆளா! எந்த ஊரு, நாரோயில் பக்கமா?” என்றார். அவர் தாள்களைப் பார்த்தோம். கணவரின் பணிப்பதிவேட்டில் அவர் பெயர் ‘அம்மாள்’ என்று முடிந்தது. ஆதார் அட்டையில் ‘அம்மா’ என்று முடிந்தது. தமிழில் அம்மாள் என்று வழங்கும் பெயர், மலையாளத்தில் எழுதப்படும்போது அம்மா ஆவது இந்நகரில் யாவரும் அறிந்த செய்தி. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துக் குறைவு. அதை நன்கறிந்த நாமே, “இருவரும் ஒருவரே என்று கிராம அலுவலகத்திலிருந்து சான்று வேண்டும்” என்று எழுதித் திருப்பினோம்.

அவர் மறுமுறை வந்தார். சான்று இருந்தது, அதில் கணவர் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருந்தது. மீண்டும் திருப்பினோம். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. ஓய்வூதியமும் நிலுவையும் முறைப்படி கிடைத்தன. விதிப்படி நாம் செய்ததில் குற்றம் காண்பார் எவருமில்லை. ஆனால் ஒன்று நிகழ்ந்தது. முதல் நாள் நம்மைத் தம்பி என்றழைத்தவர், மூன்றாம் நாள் தாள்களை நீட்டும்போது “சாரே” என்றார். அதன்பின் ஒரு சொல்லும் தமிழில் பேசவில்லை. மலையாளத்திலேயே கேட்டு, மலையாளத்திலேயே நன்றி கூறிச் சென்றார். ஓர் எழுத்துக் குறைகிறது என்று நாம் திருப்பியனுப்பியதில், உறவுப் பெயர் ஒன்று முழுதாகக் குறைந்துபோயிற்று. அக்குறையைச் சரிசெய்யச் சான்று வழங்கும் அலுவலகம் எங்கும் இல்லை.

இனி இரண்டாம் விளையாட்டுக்கு வருவோம். நம் முகவாட்டத்தைக் கண்ட மகள், “சமையல் கேம் ஒண்ணு இருக்கு, தமிழ்ப் பெயர்தான்” என்று அதைத் தந்தாள். பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான பரிசை இதற்கு வழங்கியது. தமிழ்ப் பாவகைகளுள் விதி மிகக் கடுமையானது வெண்பா. பிற தளை விரவலாகாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். ஆக, இதுவும் விதிநூல் விளையாட்டாகவே இருக்கும் என்று எண்ணித் தொடங்கினோம்.

அப்படியில்லை. வெண்பா என்பது ஒரு பெண்ணின் பெயர். அவளும் கணவன் பாவலனும் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். கதை 1988இல் தொடங்குகிறது. அவர்களுக்குக் கவின் என்னும் மகன் பிறக்கிறான். ஒவ்வொரு கட்டத்திலும் நாம் செய்ய வேண்டியது ஒரு சமையல். இட்டிலி, புட்டு என்று நாமறிந்த உணவுகளே. வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையற்குறிப்பேடு ஒன்றிருக்கிறது. அதன் தாள்கள் கிழிந்தும் எழுத்துகள் கலைந்தும் போயின. விடுபட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாமே உய்த்துணர்ந்து சமைக்க வேண்டும். இட்டிலித் தட்டுகளை ஆவி உள்ளே புகும்படி எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் மாவையும் தேங்காயையும் எம்முறையில் இடுவது என்பவையே புதிர்கள். தவறினால் அபராதம் இல்லை, மீண்டும் தொடங்கலாம். சமையலறை வானொலியில், அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலில் புதிதாக இயற்றிய பாடல்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் சமையல் அக்கதையின் மேற்புறமே. மகன் வளர்கிறான், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான், பள்ளித் தோழர்முன் தாயின் உணவுக்கு நாணுகிறான். வளர்ந்து வேறிடம் சென்றபின் ஒருநாள் அவன் வருகிறான் என்று தாய் பல பண்டங்களைச் சமைத்துக் காத்திருக்க, அவன் வரவில்லை. பாவலன் மறைந்துபோகிறார். பிற்பகுதியில் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கவின் தானே அடுப்பின்முன் நிற்கிறான். அவன் தமிழோ அரைகுறை. தாயின் கையெழுத்து முன்னே இருக்கிறது. அதை முழுதாகப் படிக்கும் வழி இல்லை. முழுக்கதையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாம் முடித்து எழுந்தபோது நெடுநேரம் பேச்சு எழவில்லை.

கனடா தொலைவில் உள்ளது. ஆனால் கவினின் வீடு தொலைவில் இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, வேலையும் வணிகமும் இந்நகரில் அமைந்த நம் குடும்பங்கள் பல இங்கேயே தங்கின. ஊர் அங்கே, வாழ்வு இங்கே. மனோன்மணீயம் எழுந்த நகரம் இது. சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ஆ. மாதவன் வாழ்ந்த நகரம். இங்கே தமிழ் அன்னியமானதன்று. ஆயினும் நம் மகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பயின்றாள். தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். இதற்கு அவளைக் குறை சொல்வது நேர்மையாகாது. தமிழெழுத்தை அவளுக்குக் கற்பிக்க ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அந்த ஞாயிறுகளில் நாம் அலுவலகக் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு விளையாட்டுகளும் தாளைப் படிக்கும் விளையாட்டுகளே என்பது நமக்கு மெல்லத்தான் விளங்கிற்று. முன்னதில் தாள் குறையுடையதாயின் மனிதரைத் திருப்பியனுப்புகிறோம். பின்னதில் தாள் குறையுடையதாயின் அக்குறையை நாமே நிரப்புகிறோம். ஏனெனில் அதை எழுதியவர் நமக்கு வேண்டியவர். அதே கிழிசல், அதே கலைந்த எழுத்து. பார்க்கும் கண்தான் வேறு. எழுத்தர் தொழிலுக்கு முதற்கண் வேண்டும், அதில் ஐயமில்லை. பொய்த்தாள் கொண்டு பிறர் பங்கைப் பறிப்போரும் உலகில் உண்டு. அவர்களைத் தடுப்பதும் அறமே. ஆனால் ஒரே கண்ணை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் மற்றொன்று குருடாகிவிடுகிறது.

‘வெண்பா’வை முடித்த மறுநாள் மகள், “ஆச்சிக்கும் இப்படி ஒரு நோட்டு இருந்துச்சே?” என்று கேட்டாள். இருந்தது. நம் அன்னையார் மறைந்தபின் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினோம். நாழி, உழக்கு என்றே அளவுகள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். உள்ளித் தீயல் என்ற பக்கத்தில் எண்ணெய்க்கறை படிந்து, தேங்காய்த் துருவலை எதுவரை வறுக்க வேண்டும் என்னும் சொற்கள் மட்டும் அழிந்திருந்தன. தீயலுக்கு உயிரே அந்த வறுவல்தான்.

முதல் முறை பொன்னிறத்தில் இறக்கினோம். ஏதோ ஒரு குழம்பு கிடைத்தது, தீயல் கிடைக்கவில்லை. மறுமுறை அஞ்சாமல் வறுத்தோம், கரிந்து கசந்தது. மனைவி அடுக்களைப் பக்கம் வராமல் பொறுமை காத்தார். அப்போது மகள், “தீயல்னா என்ன அர்த்தம்ப்பா?” என்று கேட்டாள். தீய்தல் என்றால் கருகுதல் என்றோம். சொல்லும்போதே இருவருக்கும் விடை கிடைத்துவிட்டது. அழிந்த வரியைப் பெயரே தன்னுள் வைத்திருந்தது. பொன்னிறத்தைக் கடந்து, கருகலின் விளிம்புவரை சென்று, கருகுமுன் இறக்க வேண்டும். மூன்றாம் முறை அந்த மணம் எழுந்தபோது, நம் மனைவி வந்து வாணலியைப் பார்த்துவிட்டு, “அத்தை வச்ச மாதிரியே இருக்கு” என்றார். ஒரு சொல்லின் பொருள் தெரிந்ததால் ஒரு குழம்பு மீண்டது. மொழியை ஏன் கற்க வேண்டும் என்று மேடைகளில் கேட்ட விளக்கங்கள் பல. இத்துணைச் சுருக்கமான விளக்கம் நாம் வேறெங்கும் பெற்றதில்லை.

திருக்குறளில் கண்ணோட்டம் என்றோர் அதிகாரம் உண்டு. கல்லூரியில் பட்டப்படிப்பில் பயின்றபோது அதனை இரக்கம் என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆட்சி செய்வோர்க்குரிய பகுதியில், செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அருகில் அதனை வள்ளுவர் வைத்தது ஏன் என்று அன்று எண்ணவில்லை. கடமைக்குக் கேடு வாராமல் கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரியது என்பது அவர் கருத்து. இரண்டும் சேர்ந்து நிற்க முடியும் என்று அவர் நம்பினார். நாமோ ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இராது என்று நம்பியே பாதிப் பணிக்காலத்தைக் கழித்துவிட்டோம்.

அண்மையில் அதே போன்ற ஒரு கோப்பு நம் மேசைக்கு வந்தது. அதே அம்மாள், அதே அம்மா. இம்முறை தாளைத் திருப்பவில்லை. கணவர் தம் கைப்பட நிரப்பிய பழைய நியமனப் படிவத்தைத் தேடி எடுத்தோம். இருவரும் சேர்ந்திருந்த நிழற்படத்தை ஒப்பிட்டோம். இப்பெயர் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அரைப்பக்கக் குறிப்பாக வரைந்து மேலதிகாரியின் பார்வைக்கு வைத்தோம். ஏற்கப்பட்டது. விதி எதுவும் மீறப்படவில்லை. அந்த அரைப்பக்கத்தை எழுத நமக்கு ஆன நேரம் இருபது நிமிடம். பல ஆண்டுகளுக்கு முன்னும் அது இருபது நிமிடமாகத்தான் இருந்திருக்கும். விளையாட்டாயின் அந்நாளுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் ஆடலாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ ஆட்டத்துக்கு இருபது முடிவுகள் உண்டு; அந்த மனைவியை நாம் மறுமுறை ஆடி உள்ளே விட்டுவிட்டோம். சாலைத் தெருப் பெண்மணிக்கு மறு ஆட்டம் இல்லை.

சென்ற வாரம் அன்னையாரின் நோட்டைத் திறந்தோம். எண்ணெய்க்கறையின்மேல் மகள் பென்சிலால் அழிந்த வரியை எழுதி நிரப்பியிருந்தாள். தமிழில்தான் எழுதியிருந்தாள். ‘பொந்நிறம் கடந்து, தீயும் முந்’ என்றிருந்தது. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஓரெழுத்தே ஆதலின், றன்னகரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் தந்நகரம் போட்டுவிட்டாள். நம் சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. கை தானாகவே அங்கே சென்றது. பிறகு நோட்டை மூடி, அவள் எளிதில் எடுக்கும்படியாகக் கீழ்த்தட்டில் வைத்தோம்.